விழுந்து காட்டினால்தான் நம்பிக்கையா?

பள்ளி முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் ஆறு பேர், எட்டுப் பேர் கை நீட்டி நிற்பார்கள். "நண்பர்களை நம்புகிறாயா? அப்படியானால் விழு!" என்பார் பயிற்றுநர். விழுந்தவருக்குக் கைதட்டல். விழ மறுத்தவருக்கு? பெரும்பாலும் சிரிப்பு. அடுத்த வாரம் வகுப்பறை வரைக்கும் அந்தச் சிரிப்பு கூடவே வரும்.

குழு உணர்வை வளர்க்கும் விளையாட்டுகள் எல்லாம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. உடலை அசைத்து, வியர்த்து, ஒருவரை ஒருவர் சார்ந்து ஆடும் விளையாட்டுகள் நம்பிக்கையை வளர்க்கின்றன. அதற்கு அறிவியல் சான்றுகளும் உண்டு. ஆனால் பின்னால் விழும் இந்த விளையாட்டு நம்பிக்கையை வளர்ப்பதில்லை, ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்கிறது. நடத்தாத பாடத்தில் எந்த ஆசிரியராவது தேர்வு வைப்பாரா? முகாமின் முதல் நாள் காலையிலேயே இதை வைப்பது ஏறக்குறைய அதுதான்.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். 1.5 மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவர் முழங்காலை மடக்காமல், குதிகால் நழுவாமல், மரக்கட்டை போல் பின்னால் சாய்கிறார். யாரும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அவருடைய தலையின் வேகம் என்ன? உடலை ஒரு சீரான கோலாக எடுத்துக்கொண்டு ஆற்றல் அழியாமை விதியைப் போட்டால், வேகத்தின் வர்க்கம் என்பது 3, 9.8, உயரம் ஆகிய மூன்றின் பெருக்கல் என்று வரும். அதாவது வினாடிக்கு 6.6 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால்கூட இவ்வளவு வேகம் வராது. இந்த வேகம் வர அது 2.25 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். கோல் சுழன்று விழும்போது அதன் நுனி மற்ற பகுதிகளைவிட வேகமாகப் போவதே காரணம். நிஜத்தில் நாம் இடுப்பை வளைப்போம், கையை ஊன்றுவோம், வேகம் குறையும். ஆனால் இந்த விளையாட்டின் விதியே வளையாதே, கையை ஊன்றாதே என்பதுதானே!

ஆகவே விழத் தயங்குகிற மாணவர் கோழை அல்லர். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழல்வதை உணர்ந்து மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. கண்ணை மூடியதும் மூளை அந்தக் குழல்களையும் பாதத்தின் அழுத்தத்தையும்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து "சாய்கிறாய், காலை எடுத்து வை" என்று கத்துகின்றன. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த உடலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அறிவியல் பாடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சரி, நம்பிக்கை வேறு எப்படித்தான் வளரும்? இதற்குப் பதில் தேடித் தூரம் போக வேண்டாம். நம் ஜார்ஜ்டவுன் தெருக்களிலேயே அது ஆண்டுதோறும் ஊர்வலமாகப் போகிறது.

சிங்கே ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். 25 முதல் 32 அடி உயர மூங்கில் கம்பம், அதில் முக்கோணக் கொடி, எடை ஏறத்தாழ 27 கிலோகிராம். ஒருவர் அதை நெற்றியில் நிறுத்துவார், தோளுக்கு மாற்றுவார், சிலர் பல்லால் தாங்குவார்கள். பிறகு ஒரு குலுக்கு. கம்பம் காற்றில் ஏறி அடுத்தவரின் கைக்கோ நெற்றிக்கோ போகும். சீனர் கோயில் விழாவிலிருந்து வந்த கலைதான் இது. இன்று பினாங்கில் எல்லா இனத்தவரும் கூடிநின்று பார்க்கிறார்கள், ஊர்வலத்தில் கலந்தும் கொள்கிறார்கள்.

அவ்வளவு பெரிய கம்பம் எப்படி விழாமல் நிற்கிறது? வீட்டில் இன்றே சோதித்துப் பாருங்கள். விரல் நுனியில் ஒரு பென்சிலை நிறுத்த முயலுங்கள். முடியாது. அதே விரலில் துடைப்பக் கட்டையை நிறுத்துங்கள். சில வினாடிகளாவது நிற்கும். நீளமான கோலுக்கு நிலைமம், அதாவது மலாய்ப் பாடநூலில் நீங்கள் இனர்சியா என்று படிப்பது, அதிகம். அதனால் மெதுவாகச் சாயும். சாய்வதைக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். 15 சென்டிமீட்டர் பென்சிலின் சாய்வு அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 7 மடங்காகிவிடும். 9 மீட்டர் கம்பத்தின் சாய்வோ, கொடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 1.3 மடங்குதான் ஆகும். திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. 1.5 மீட்டர் மாணவருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 2 மடங்கு வரும். அதனால்தான் பின்னால் நிற்பவர்கள் விழுவதைப் பார்த்த பிறகு கை நீட்டினால் போதாது. முன்கூட்டியே நீட்டி வைத்திருக்க வேண்டும்.

கம்பம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் கணத்தைக் கவனியுங்கள். அங்கே யாரும் "என்னை நம்பு" என்று சொல்வதில்லை. வாங்குபவரின் கால் எங்கே இருக்கும், எந்த நொடியில் குலுக்குவார், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எப்படி நகர்வார் என்பதெல்லாம் கொடுப்பவருக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் சேர்ந்து பழகியதால் வந்த அறிவு அது. நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான்: அடுத்தவர் என்ன செய்வார் என்று சரியாகக் கணிக்க முடிகிற நிலை. கண்ணை மூடிக்கொண்டால் அது வராது. கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் நூறு முறை பார்த்தால்தான் வரும்.

சிங்கேயில் இன்னொன்றும் இருக்கிறது. கம்பத்தின் அடியில் நிற்பவர் ஏமாற்ற முடியாது. அவர் பங்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும். இது ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால் ஒரு கயிற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

மாக்ஸ் ரிங்கெல்மன் பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர். மாடும் குதிரையும் மனிதனும் எவ்வளவு விசையோடு இழுக்க முடியும் என்று அளந்து பார்ப்பது அவருக்குத் தொழில். 1880களில் செய்த சோதனைகளை 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் விசையை 100 என்று வைத்தால், 8 பேர் சேர்ந்து இழுக்கும்போது 800 வரவில்லை. ஒவ்வொருவரின் பங்கும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஒரே நொடியில் எல்லாரும் இழுக்காததால் விசை வீணாகிறது என்று முதலில் தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் 1974இல் அமெரிக்காவில் இங்கமும் அவருடைய குழுவினரும் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றைக் கொடுத்தார்கள். பின்னால் நிற்பவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. கண் கட்டப்பட்டவர் உண்மையில் தனியாகத்தான் இழுத்தார். கூட ஆள் இருக்கிறது என்று நினைத்த அளவிலேயே அவர் விசை குறைந்துவிட்டது! பின்னர் கைதட்டுதல், கூச்சலிடுதல் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளிலும் இதே கதைதான். ஆனால் ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் இந்தச் சோம்பல் பெருமளவு மறைந்தது.

(கோயில் தேர் வடத்தைப் பிடிக்கும் நூறு பேரில் எத்தனை பேர் இழுக்கிறோம், எத்தனை பேர் புண்ணியத்துக்காகத் தொட்டுக்கொண்டு வருகிறோம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

பின்னால் விழும் விளையாட்டில் தாங்குபவர்கள் எட்டுப் பேர் என்றால், எட்டாவது ஆளின் கை உண்மையில் எடையைத் தாங்கியதா, வெறுமனே நீட்டியிருந்ததா என்று யாருக்கும் தெரியாது. கபடியில் அப்படித் தப்பிக்க முடியாது. பாடி வருபவரை மடக்க இருவர் கைகோத்து நிற்கும்போது ஒருவர் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் சங்கிலி அறுந்துவிடும்; யாரால் அறுந்தது என்பதும் தெரிந்துவிடும். நம் முன்னோர்களின் சடுகுடு இந்த வகையில் பல முகாம் விளையாட்டுகளைவிட உயர்ந்தது என்பது என் கட்சி.

சேர்ந்து உழைப்பதால் உடலுக்குள்ளேயே மாற்றம் நடக்கிறதா? தெலுக் பஹாங் அணைக்கட்டில் நடக்கும் டிராகன் படகுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும். பெரிய படகில் துடுப்பு போடுபவர்கள் 20 பேர், முரசு அடிப்பவர் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர். முரசின் தாளத்துக்கு இருபது துடுப்பும் ஒரே கணத்தில் நீரில் இறங்க வேண்டும். கரைக்கு வந்ததும் முதுகு வலி, தோள் வலி எல்லாம் இருந்தும் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். இதற்கு நெருங்கிய ஒரு சோதனை ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகப் படகு வீரர்களிடம் நடந்தது. 12 வீரர்கள், 45 நிமிடம், உடற்பயிற்சிக் கூடத்துத் துடுப்பு இயந்திரத்தில். ஒரு முறை தனியாக, இன்னொரு முறை சேர்ந்து ஒரே தாளத்தில். முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு அழுத்தம் வரை வலியைப் பொறுக்கிறார்கள் என்று அளந்தார்கள். உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சேர்ந்து செய்த நாளில் வலி பொறுக்கும் திறன் கூடுதலாக இருந்தது. மூளையில் சுரக்கும் எண்டோர்ஃபின் என்ற இயற்கை வலிநிவாரணி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பன்னிரண்டே பேர் என்பதை மறக்காதீர்கள். ஒரு சிறு சோதனையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் முகாம்களின் வேரைத் தேடிப் போனாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. 1941இல், போர்க் காலத்தில், வேல்ஸ் நாட்டு அபர்டோவி என்ற கடலோர ஊரில் கெர்ட் ஹான் என்ற ஆசிரியர் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும்போது இளைய மாலுமிகளைவிட மூத்தவர்களே பிழைத்து வருகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அந்தப் பள்ளியின் பெயர் அவுட்வர்ட் பவுண்ட். 1950களில் அதன் கிளை நம் நாட்டுக்கும் வந்தது. பேராக் மாநிலத்து லூமுட் கடற்கரையில் இன்றும் நடக்கிறது. தொடக்கக் காலப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். படகு வலித்தார்கள், மலை ஏறினார்கள், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த ஒரு மாதத்தை நாம் மூன்று நாள், இரண்டு இரவாகச் சுருக்கிவிட்டோம். சுருக்கும்போது மெதுவாக நடக்கும் வேலைகள் எல்லாம் உதிர்ந்துபோயின. படம் எடுக்க நன்றாக இருக்கும் ஐந்து நிமிட விழுதல் மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்போம். "விழுந்து எழுந்த மாணவர்களின் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு மகிழ்ச்சி!" என்பார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். பயந்து, துணிந்து, பிழைத்த மகிழ்ச்சி அது. ராட்டினத்தில் ஏறி இறங்கினாலும் அது வரும். ஆனால் முகாம்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். துணிந்து முதலில் விழுபவர் பெரும்பாலும் தன் சொந்த நண்பர்களின் கையில்தான் விழுகிறார். யாருக்கும் தெரியாத மாணவர் கடைசியில் நிற்கிறார்.

அந்தக் கடைசி மாணவர் யார்? நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களே அப்படி நின்றிருப்பார்கள். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கோ படிவம் 1க்கோ வருகிறார். சுற்றிலும் புது முகங்கள். மலாய் புரியும், ஆனால் வேகமாகப் பேச வராது. சீனப்பள்ளியிலிருந்து வந்த மாணவருக்கும் இதே நிலைதான். முதல் மாதத்தில் ஒரு முகாம். அங்கே "நம்பு, விழு" என்றால் அவர் என்ன செய்வார்? அவரிடமே ஒரு கயிற்றின் முனையைக் கொடுத்து, "இந்த முடிச்சு உன் பொறுப்பு, நீ அவிழ்த்தால்தான் கூடாரம் எழும்பும்" என்று சொல்லிப் பாருங்கள். கூடாரம் எழும்பியதும் அவர் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மொழி குறைவாக இருந்தாலும் கை பேசும்.

குழுக்களைப் போட்டியில் மோதவிட்டால் ஒற்றுமை வரும் என்பது இன்னொரு வாதம். இதைச் சோதித்துப் பார்த்தவர் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர். 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து முகாம் நடத்தினார். கயிறு இழுத்தல், பேஸ்பால் எனப் போட்டிகள் தொடங்கின. குழுவுக்குள் ஒற்றுமை வளர்ந்தது; ஆனால் அடுத்த குழுவின் மேல் பகையும் வளர்ந்தது. ஒருவர் கொடியை மற்றவர் எரித்தனர். குடிலுக்குள் புகுந்து பொருள்களைக் கலைத்தனர். சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தபோது உணவை எறிந்துகொண்டனர்! பிறகு ஷெரிஃப் இரு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற சிக்கல்களை உண்டாக்கினார். குடிநீர் நின்றுபோனது. உணவு கொண்டுவரும் லாரி கிளம்ப மறுத்தது. சிறுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப் பல நாள் வேலைகளுக்குப் பிறகு ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள். வழியில் ஒரு குழு தன் பரிசுப் பணம் 5 டாலரில் எல்லாருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது. தாங்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறோம் என்பது அந்தச் சிறுவர்களுக்குத் தெரியாது. இன்றைய அறநெறி விதிகளின்படி இப்படி ஓர் ஆய்வை நடத்த விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் அந்தக் கயிற்றை நான் மறப்பதில்லை.

நம் பள்ளிகளில் இல்ல விளையாட்டுப் போட்டி ஏற்கெனவே உண்டு. மஞ்சள் இல்லம், நீல இல்லம் என்று மோதிக்கொள்ள அது போதும். முகாமிலாவது எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கட்டும். பிளந்த மூங்கிலை ஆளுக்கொன்றாகப் பிடித்து வாளி வரை தண்ணீர் கொண்டுபோகட்டும். எந்த மூங்கிலில் ஒழுகியது என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய டயரும் மூங்கிலும் கொடுத்து மிதவை கட்டச் சொல்லலாம். ஆனால் நீச்சல் தெரிந்த பெரியவரும் மிதவைச் சட்டையும் இல்லாமல் அதைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. இரவுச் சோறு சமைப்பதைவிட நல்ல குழு விளையாட்டு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. விறகு நனைந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே குழுவில் ஒரே பள்ளியிலிருந்து வந்த நண்பர்கள் எல்லாரும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவும் முடிந்து மூன்றாம் நாள் மாலை, விழும் விளையாட்டை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வைக்கட்டும். அப்போதாவது பின்னால் நிற்பவர் யார் என்று விழுபவருக்குத் தெரிந்திருக்கும். நாற்காலி, மேசை மேலிருந்து வேண்டாம். தரையிலிருந்து, கீழே மெத்தை விரித்து, முதலில் கால் பங்கு மட்டும் சாய்ந்து பழகட்டும். தாங்குபவர்கள் ஒரு காலை முன்வைத்து முழங்காலைச் சற்று மடக்கி நிற்க வேண்டும். விழுபவரை வெடுக்கென்று நிறுத்தாமல் கையைப் பின்னுக்கு இழுத்தபடியே ஏந்தினால், நிறுத்தும் நேரம் கூடி, கையிலும் முதுகிலும் படும் விசை குறையும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது நீங்கள் செய்வதும் இதுதான்.

அடுத்த முகாமில் உங்களை அந்த இடத்தில் நிறுத்தினால், விழுவதற்கு முன் பயிற்றுநரிடம் மரியாதையோடு கேளுங்கள்: "சார், இவர்கள் இதற்கு முன் எத்தனை முறை சேர்ந்து தாங்கிப் பழகியிருக்கிறார்கள்? மெத்தை எங்கே?" பதில் திருப்தியாக இல்லையென்றால் "நான் தாங்கும் பக்கம் நிற்கிறேன், சார்" என்று சொல்லி அங்கே போய் நில்லுங்கள். முழங்காலை மடக்க மறந்துவிடாதீர்கள்.